இருவருக்கும் ஒரே சாக்கு

என் அன்பு மச்சான் இஷாக்,

வெள்ளவத்தை வாழ் பெருங்குடி மக்களுக்கு இத்தால் அறியத் தருவது யாதெனில்: ஹரியாகிய நான், கடற்கரையில் குப்பை பொறுக்கும் குழுவுக்கு ஏகமனதாகத் தலைவனாகத் தெரிவு செய்யப்பட்டுள்ளேன். போட்டியிட இருந்தவன் அன்று வயிற்றோட்டத்தில் படுத்திருந்தான்.

சிரிக்காதே. இது இளைஞர் தலைமைத்துவப் பயிற்சி. தலைக்கு மை பூசப் பழக்குவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். சமூகத் தொண்டு செய்துகொண்டே சண்டை தீர்க்கவும் பழக வேண்டுமாம். முதல் நாள் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஒன்று மட்டும் என்னைக் குடைகிறது. ஒருவன் கோபத்தில் சொல்வதை, எதிர்த்து வாதாடாமல், அவனுக்கே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்று இரண்டு வடைக்காரர்கள் முறைத்துக்கொண்டபோது செய்து பார்த்தேன். அடங்கிவிட்டார்கள்! தான் சொன்னதையே கேட்டால் கோபம் ஏன் இறங்குகிறது, மச்சான்? எதிரொலியோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை, அதனாலா?

அடுத்த கிழமை எனக்குச் சோடியாக வந்தவன் கொட்டாஞ்சேனை நிரோஜன். எங்கள் நிரோஜனேதான். உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அது உனக்குத் தெரியுமா?

நீ போன காலையில் நான்தான் அவனுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"நிரோ, இஷாக் மோசம் போயிட்டான்டா."

"போடா, நீதான் மோசம். இதிலயுமா பகிடி?"

வைத்துவிட்டான். பிறகு எத்தனை தரம் எடுத்தும் பதிலில்லை. உங்கள் வழக்கப்படி அன்றே பிற்பகல் தொழுகையோடு உன்னைக் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். மறுநாள் உண்மை தெரிந்து, தங்கள் வீடுகளில் போல இரண்டு மூன்று நாள் வைத்திருப்பார்கள் என்று நம்பி, மலர்வளையத்தோடு உன் வாசலில் வந்து நின்றான். செத்துப்போவதற்கும் ஏமாற்றுவதற்கும் ஏன்டா 'மோசம்' என்று ஒரே சொல்லை வைத்தார்கள்?

கடற்கரையில் எங்கள் இருவருக்கும் ஒரே சாக்குத்தான் தந்தார்கள்.

"சாக்கைப் பிடி," என்றேன்.

"சாக்குச் சொல்லுறதுதானே உன்ர வேல."

பாதிச் சாக்கு போத்தல்களால் நிறைந்தது. திடீரென்று குனிந்தபடியே சொன்னான்: "உன்னாலதான்டா அவன்ர முகத்தக் கடைசியாப் பாக்கேல்ல. எப்பவும் பகிடி விடுறவன் சொன்னா ஆர் நம்புவான்?"

சட்டப்படி நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னேனா?

சண்டை தீர்ப்பதில் என்னை வெல்ல இந்த வெள்ளவத்தையிலேயே ஆளில்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறேன். உன்னிடம் எப்படி மறைப்பது? "என்னாலதான்..." என்று தொடங்கி, அதற்கு மேல் வராமல், மூக்கு ஒழுக நின்றேன். நிரோஜன்தான் எனக்கும் சேர்த்துப் பேசினான்.

"நீ உண்மையத்தான் சொன்னனி, நான்தான் நம்பேல்ல. அதத்தானே சொல்ல வாறாய்?"

ஓம் என்று தலையாட்ட மட்டும்தான் முடிந்தது உங்கள் தலைவனுக்கு. மிச்சக் குப்பையையும் அவனே பொறுக்கினான்.

வெள்ளிக்கிழமை அவனை நீ உறங்கும் மையவாடிக்குக் கூட்டி வருகிறேன். அவன் உன்னோடு கதைத்து முடிக்கும்வரை நான் வாயே திறக்கமாட்டேன். சத்தியமாக, மச்சான். இது பகிடி இல்லை.

உன் தாய் பெறாத தம்பி,
ஹரி