வடிகட்டிக் கொடுத்த பாட்டில்

நீ சோதிக்க மறுத்த ஏலக்காய்ப் பானத்தை, நீயே சோதித்து நல்லதென்று சொன்னதாக, உன் கருமாதிப் பந்தலிலேயே ஊற்றிக் கொடுத்தார்கள் மாப்ளே. கொடுத்தவன் அந்தக் கம்பெனி முதலாளி.

இன்று காலை என் கடை வாசலில், போடிமெட்டு மலைக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பில் இருந்த ஏலத்தோட்டத்துப் பெண் ஒருத்தி அதே பாட்டிலைக் குலுக்கித் திறந்தாள். ஏலக்காய் மணம் குப்பென்று வந்தது. 'பூச்சிமருந்து இல்லை, பரிசோதிக்கப்பட்டது' என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள்.

உன் ஆய்வகத்துக்கு அவன் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். கண்ணாடிக் குழாயில் ஏதோ ஒரு சர்பத்தை ஊற்றி, ஊசியால் சில சொட்டுக் கரைப்பானை விட்டாய். குலுக்கியதும் பால்போல் வெளுத்தது. வேகமாகச் சுழற்றி எடுத்ததும் அடியில் கடுகளவு ஒரு துளி தங்கியது. "பூச்சிமருந்து இருந்துச்சுன்னா தண்ணிய விட்டுட்டு இதுக்குள்ள வந்துரும் மாமா," என்றாய். அந்தத் துளியை இயந்திரத்துக்குள் செலுத்தினாய். அதில் இருந்தவை தனித்தனியாகப் பிரிந்து, திரையில் மேடுமேடாக எழும்பின.

அப்போதுதான் அவன் தெளிந்த பாட்டில் ஒன்றை நீட்டினான். "அண்ணே, வடிகட்டியே கொண்டாந்துட்டேன். ஒங்களுக்குச் சோலி கொறவு. வெரசா பாத்துச் சொல்லுங்க."

"கடையிலயும் வடிகட்டித்தான் விக்கிறியா?"

"அது எப்படிண்ணே? தோலோட அரைச்சு விட்டாத்தான மணம்."

"மருந்து விழுகுறதே தோல்லதான்யா. அதைத் தூரப் போட்டுட்டு மிச்சத்தப் பாக்கச் சொல்றியே. கலக்கலோட கொண்டா."

"காய ஏலம் விடுற எடத்துல மாதிரிக்குன்னு வைக்கிறவன் நல்ல காயாப் பொறுக்கித்தாண்ணே வைக்கிறான்," என்று சிரித்தான்.

"வாங்குற யாவாரி மூடையப் பிரிச்சுப் பாத்துக்கிருவான். குடிக்கிறவன் எதைப் பிரிச்சுப் பாப்பான்?" என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

நீ இருந்தவரை அவன் திரும்பி வரவில்லை. நீ போன பிறகு வந்தான். பந்தலில் டம்ளருக்கு டம்ளர், "அண்ணன் கையால பாத்த சரக்கு" என்றான். நான் எழுந்து, "பொய்!" என்று கத்தினேன். "கருமாதி வீட்டுல வம்பு வேணாம்ணே" என்று உன் சொந்தக்காரர்களே என்னை உட்கார வைத்தார்கள். என் டம்ளரை அவன் காலடியில் கவிழ்த்தேன்.

அதில் நஞ்சு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. யாரும் பார்க்கவில்லை என்கிறேன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல, மறுத்துப் பேச முடியாத உன்னைப் பிடித்தானே, அதுதான் அருவருப்பு.

அவன் உன் பெயரைச் சொல்வதை நிறுத்த வேண்டும். பாட்டிலில் அந்த வரியை அழிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி அவன் கொடுப்பதை வாங்காமல், கடையில் விற்கும் பாட்டிலைத் தானே எடுக்க வேண்டும். ஆய்வகத்தார் அடி வண்டலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முடிவு எதுவானாலும் ஊரறியச் சொல்ல வேண்டும். "செத்தவருக்கு என்ன மாமா ஆகப் போகுது?" என்கிற உன் மகன், தகப்பன் பெயருக்காக வாய் திறக்க வேண்டும். நீ பார்த்த சரக்கு என்று நம்பி, உன் வீட்டுக்காரி அதைப் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறாள். அவளிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும்.