நாற்பத்தெட்டு வோல்ட்டும் என் சட்டைப்பையும்

ஜனவரி 9

என் வீட்டுக்காரன் வெண்டெல் பேட்டரி மாற்றி முடித்துவிட்டான். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி நான்கை வரிசையாகக் கோத்து நாற்பத்தெட்டு. மின்னடுப்பு ஜம்மென்று ஓடுகிறது. ஜெனரேட்டர் சத்தமே இல்லாமல் பான்கேக் சுட்டேன். அதுவரைக்கும் சரி.

ஆனால் இந்த வண்டிவீட்டில் விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி, வண்டியை நிறுத்தியதும் பக்கச்சுவரோடு அறையை வெளியே தள்ளுகிற மோட்டார் எல்லாமே பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுபவை. நாற்பத்தெட்டை நேராகக் கொடுத்தால் கருகிப்போகும். குறைத்துக் கொடுக்க ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். இந்தப் பாலைவன ஊர் குவார்ட்ஸ்சைட்டின் சந்தைக் கூடாரத்தில் குவித்துவைத்து விற்கிறார்கள்.

பக்கத்து வண்டி கார்வின் சொன்னாராம்: "கன்வெர்ட்டர் எதுக்குப்பா? நாலுல ஒரு பேட்டரிலேருந்து மட்டும் ரெண்டு ஒயர இழு. பன்னெண்டு வோல்ட் ரெடி." இவனும் இழுத்துவிட்டான்.

"நாலு பேர் சேர்ந்து சோபா தூக்கும்போது ஒருத்தன் தோள்ல மட்டும் மூட்டையும் ஏத்துனா அவன்தானே முதல்ல விழுவான்?" என்றேன். பேட்டரியோடு வந்த கையேட்டிலும் அதையேதான் போட்டிருக்கிறார்கள்.

"ஆர்டி, நீ ஸ்கூல் பஸ் ஓட்டினவ. கார்வின் இருபது வருஷமா இந்தப் பாலைவனத்துல இருக்கார்."

வாசலில் நிற்கும் கள்ளிமரம் நூறு வருஷமாக இருக்கிறது. அதனிடம் போய் ஒயரிங் கேட்க வேண்டியதுதானே?

ஜனவரி 10

ஒரு பாடம் நடத்தலாம் என்றிருக்கிறேன். இரண்டு நாள் எரிச்சல் வந்தால் கன்வெர்ட்டர் தானாக வந்து சேரும்.

ஜனவரி 11

நடத்தினேன்.

வெண்டெல் தலைமுதல் கால்வரை சோப்பு போட்டிருந்த நேரம் பார்த்து பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் நின்றது. துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு கண்ணை மூடியபடி வெளியே வந்தான். காதிலிருந்து நுரை சொட்டியது.

"ஆர்டி! ஏதோ லூஸ் கனெக்‌ஷன்!"

"கார்வின கூப்பிடட்டுமா?" என்றேன். அப்பாவி முகம் எனக்கு நன்றாக வரும். முப்பது வருஷம் பஸ்ஸில் பிள்ளைகளிடம் கற்றது.

அவன் துண்டோடு வெளியே போய், பேட்டரிப் பெட்டிக்குள் தலையை விட்டு ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தபோது ஃபியூஸைத் திரும்பப் போட்டேன். தண்ணீர் வந்தது. "பாத்தியா? சரிபண்ணிட்டேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினான். சோப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாக நின்றான். சிரிப்பை அடக்க ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

ஜனவரி 13

ஹீட்டர் விசிறி. அதே வித்தை. கார்வின் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, "ஒயர்ல பாலைவனத் தூசி ஏறியிருக்கு" என்றார். மேதை.

ஜனவரி 15

வெண்டெல் இன்று பீன்ஸும் கறியும் போட்ட சில்லியைப் பாதியில் வைத்துவிட்டான். வெண்டெலா? சில்லியையா?

பிறகு, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்த ஒயர நான் நல்லா இறுக்கினேன் ஆர்டி. ரெண்டு தடவையும். எனக்கு அப்படித்தான் ஞாபகம். ஆனா இறுக்கல போல. லைலுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

லைல் அவன் அண்ணன். முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருப்பெயரை. கடைசியில் வெண்டெலையே பார்த்து, "தபால் கொண்டுவந்திருக்கீங்களா?" என்று கேட்டார். வெண்டெல் முப்பத்தோரு வருஷம் தபால்காரன். ஒரு கடிதம்கூட வீடு மாறிக் கொடுத்ததில்லை என்பதுதான் அவன் பெருமை.

அவனே மகளுக்குப் போன் போட்டுவிட்டான். ஷெல்பி அழுதாளாம். ஓமஹாவில் அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில் எங்களுக்கு அறை தயாராம். வண்டியை வாங்க சனிக்கிழமை ஆட்கள் வருகிறார்களாம்.

நான் என்ன செய்துவிட்டேன்?

ஜனவரி 16

மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் "காபி வேணுமா?" என்றுதான் வந்தது.

ஜனவரி 17

காலை பத்து மணிக்கு எல்லாமே செத்துப்போயிற்று. விளக்கு, பம்ப், மின்னடுப்பு, எல்லாம். சத்தியமாக நான் கை வைக்கவில்லை.

வெண்டெல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். "போதும் ஆர்டி. வித்துரலாம்."

எதிரே மண்ணில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில். "பம்ப் நான்தான். ஹீட்டரும் நான்தான். ஃபியூஸப் புடுங்கினேன். நீ இறுக்கமாத்தான் முடுக்கியிருந்தே. உன் ஞாபகத்துக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் புத்தி இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். எழுந்தான். காய்ந்த ஓடைப் பக்கமாக நடந்துபோனான், தொப்பிகூட இல்லாமல். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். போகட்டும் என்று விடுவதா, பின்னால் ஓடுவதா? முழங்கால் ஓட விடவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினான்.

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நான் இல்ல. கார்வின் சொன்ன ஒயர்தான்."

மீட்டரை எடுத்து நான்கு பேட்டரியையும் அளந்தான். மூன்று நிறைந்து கிடந்தன. ஒயர் இழுத்த அந்த ஒன்று மட்டும் வற்றிப்போய், கெட்டுவிடாமலிருக்கத் தானாகவே அணைந்துபோயிருந்தது. வரிசையில் ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். மீட்டரை வெகுநேரம் பார்த்தான்.

"சோபா தூக்குறவன்," என்றான்.

வற்றியதைக் கழற்றிக் கொண்டுபோய், கார்வினின் சார்ஜரில், கார்வினின் ஜெனரேட்டரில் ஏற்றினோம். காரணம் கேட்டார். "தூசி" என்றேன். வெண்டெலின் மீசை லேசாக அசைந்த மாதிரி இருந்தது. என் ஆசையாகவும் இருக்கலாம்.

ஜனவரி 18

வண்டி பார்க்க ஐடஹோக்காரத் தம்பதி வந்தார்கள். வெண்டெல் வாசலிலேயே மறித்து, "மன்னிச்சுக்குங்க. என் பொண்டாட்டி விக்க விடமாட்டேங்கறா" என்றான். நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களுக்குச் சோள ரொட்டி கொடுத்து அனுப்பினேன். ஷெல்பிக்கு நானே போன் போட்டு ஃபியூஸ் கதையை ஒப்புக்கொண்டேன்.

என்னோடு அவன் இன்னும் பேசவில்லை.

ஜனவரி 20

கன்வெர்ட்டர் வாங்கி மாட்டியாயிற்று. நான்கு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுத்து, பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. அறை தள்ளும் மோட்டார் மட்டும் கிளம்பும்போது பேராசையாக இழுத்துக் கன்வெர்ட்டரை மயக்கம் போடவைத்தது. பன்னிரண்டு வோல்ட் பக்கத்தில் துணைக்கு ஒரு சின்ன பேட்டரி வைத்தோம். இப்போது அறை மெதுவாக, பெரிய மனுஷத்தனமாக வெளியே வருகிறது.

பேச்சு: "ஸ்பேனர்." "இந்தா." அவ்வளவுதான்.

ஜனவரி 25

படிக்கிற விளக்கு எரியவில்லை. ஃபியூஸ் பார்த்தேன், சரி. கன்வெர்ட்டரை அளந்தேன், சரி. சுவர்ப் பலகையைக் கழற்றி, ஒயரைத் தடவித் தடவிப் போனேன். ஒரு மணி நேரம். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. கடைசியில் பல்பைக் கழற்றினால், அது என்றோ கருகிப்போன பழைய பல்ப்.

வெளியே எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, கையில் நல்ல பல்பை உருட்டிக்கொண்டிருந்தான்.

"உனக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்தேன், ஆர்டி. லைல் இதைவிட சீக்கிரம் கண்டுபுடிச்சிருப்பான்."

ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முழு வாக்கியங்கள். சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் எழுந்து வந்து என் முழங்கைக்கு மருந்து போட்டான்.

பிப்ரவரி 12

கார்வின் வந்து தொப்பியைச் சுற்றிச் சுற்றி, தன் வண்டிக்கு எவ்வளவு பருமனான ஒயர் வேண்டும் என்று வெண்டெலிடம் கேட்டார். "என்னைக் கேக்காதீங்க. அவ பஸ் ஓட்டினவ, அவளக் கேளுங்க" என்றான். நான் கையேட்டைக் கொடுத்தேன். எட்டாம் பக்கத்தில் மடிப்புகூட வைத்திருந்தேன்.

மார்ச் 23

வெயில் ஏறிவிட்டது. எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டோம். வெண்டெல் ஓட்ட, நான் வரைபடம். மதியம் ஷெல்பி போன் செய்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

வெண்டெல் சாலையைப் பார்த்தபடியே, "இன்னும் முடிவு பண்ணலடா கண்ணு" என்றான். "மலைப்பக்கம் குளுகுளுன்னு இருக்கும்னு உங்கம்மா சொல்றா. போய்ப் பாத்துட்டுச் சொல்றோம்."