கட்டில் விரிப்புச் சோதனை

1992 மாசி 11, செவ்வாய்

விடியப் பனி. ஆஸ்பத்திரி வாட்டுக்குள்ளும் குளிர். கஞ்சியில் உப்பில்லை. முறிந்த காலில் மணல் பை கட்டித் தொங்கவிட்டிருப்பதால் புரள வழியில்லை. கிடந்தபடியே எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்.

நாளைக்கு நேர்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்குச் சோதனை. என் கட்டிலில்தான். நாலு பேர் என்னைத் தூக்கிப் பிடித்து விரிப்பு மாற்ற வேண்டும். சேர்ந்து செய்கிறார்களா என்று பார்த்துத்தான் படிப்பிக்கிற அம்மா புள்ளி போடுவா. குருநகர் றீற்றா போன முறை பெயில். இந்த முறையும் விட்டால் வீட்டுக்குத்தான். என்ன கெட்டிக்காரி! பஞ்சுக்குத் தட்டுப்பாடு, பழஞ்சீலையை அவித்துக் காயவைத்து என் புண்ணைத் துடைக்கிறவள்.

பின்னேரம் பழகிப் பார்த்தார்கள். நாலு வாயும் ஒரே நேரத்தில். "தூக்கு!" "பொறடி!" அச்சுவேலித் தோட்டத்தில் நாங்கள் கிணற்றுத் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தது ஞாபகம். துலா மரத்தின் மேலே மூன்று பேர் நடப்போம். கீழே தண்ணீர் அள்ளுகிற ஓலைப்பட்டையைப் பிடிக்கிற பெரியண்ணையின் குரலுக்குத்தான் கால் நகரும். அவர் வெற்றிலை வாயோடு சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. அன்றைக்கு மிளகாய்க் கன்றுக்குப் பாதித் தண்ணீர். எங்கே விட்டேன்? ஓம், பிள்ளைகள். பாவம்.

12, புதன்

சோதனை. றீற்றா தலைமாட்டில். "ஒண்டு, ரெண்டு" என்றாள். அவளுக்குப் பாரம் குறையட்டுமென்று மேலே உள்ள கம்பியைப் பிடித்து நானே எழும்பிவிட்டேன். அம்மா கண்டுவிட்டா.

"ஐயா, சோதனை உங்களுக்கோ பிள்ளையளுக்கோ? திரும்பத் தூக்குங்கோ."

பக்கத்துக் கட்டில் கொடிகாமத்தார்: "உவருக்கும் ஒரு வெள்ளைத் தொப்பி குடுங்கோ!"

எனக்கு வெட்கம். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தேன். பாதி தூக்கியபோது றீற்றாவின் குரல்:

"வாசுகிக்குக் கை வழுக்குது. மெல்ல இறக்குங்கோ."

இடுப்பைப் பிடித்த பண்டத்தரிப்புப் பிள்ளை வாசுகி, ஒல்லி. கண் கலங்கிவிட்டது. றீற்றா ஏசவில்லை.

"நீ காலடிக்குப் போ, நான் இடுப்புக்கு வாறன். அங்கை நிண்டால் மணல் பை ஆடுறது உனக்குத்தான் தெரியும். நீ சொல்லு, நாங்கள் தூக்கிறம்."

எல்லாம் தானே செய்கிற பெண், சொல்லுகிற வேலையை மற்றவளிடம் கொடுத்துவிட்டாள்! காலடியில் நின்றவள் தலைமாட்டுக்கு மாற, வாசுகி மெல்லிய குரலில் "ஒண்டு, ரெண்டு" சொன்னாள். நான் எழும்பியதே தெரியவில்லை. வெளியே ஆமி ஹெலிகொப்டர்ச் சத்தம். ஒருத்தியும் நிமிரவில்லை. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. காலும் நோகவில்லை.

அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. றீற்றா மத்தியானம் சாப்பிடவில்லையாம். எனக்கும் இறங்கவில்லை.

13, வியாழன்

வெயில். மகள் கொண்டுவந்த முருங்கைக்காய்க் கறி திறம். புண் காய்கிறது.

பத்து மணிபோல அம்மா வந்தா. பிள்ளைகள் நாலு பேரும் வாசலில். றீற்றாவைக் கூப்பிட்டா.

"போன முறை நாலு பேரின்ரை வேலையையும் நீ ஒருத்தி செய்தனீ. அதுதான் பெயில்."

"ஓம் மிஸ். இந்த முறை?"

"இந்த முறை எனக்கு உன்னைத் தனியாக் காணவே கிடைக்கேல்லை."

சொல்லிவிட்டு அடுத்த வாட்டுக்கு நடந்துவிட்டா. றீற்றா முழித்துக்கொண்டு நின்றாள். வாசுகி ஓடிவந்து அவள் முதுகில் போட்டாள் ஒன்று.

"பாஸடி, விசரி!"