நாற்பது பவுண்டு வில்

ஜனவரி 12

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நானும் உன் அக்காவும் நலம். நலம் என்பது வழக்கத்துக்கு எழுதுவது. என் வலது தோளும் கடைவாய்ப் பல்லும் அதில் சேர்த்தி இல்லை. போனில் சொன்னால் நீ வாதாடுவாய், நான் கத்துவேன், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். வில்களை எல்லாம் கொடுத்துவிடப் போகிறேன். பதினான்கையும்.

லிஃப்ட் குழியில் விழுந்து தோளை உடைத்துக்கொண்டு ஏழு மாதமாகிறது. எலும்பு கூடிவிட்டதாம், தசைதான் பழையபடி வராதாம். "இனிமே ஏணி ஏறாதீங்க, ஆபீஸ்ல உக்காந்து வேலை பாருங்க" என்றார்கள். சரி, முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன், நாற்காலியில் உட்கார்ந்து புகார் எழுதிக்கொள்கிறேன். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை மகாராணியை எடுத்தேன். உனக்குத் தெரியாததா? நம் இரண்டு பேரையும்விட மூத்த வில், இழுக்க நாற்பத்தைந்து பவுண்டு, முனை இரண்டும் முன்பக்கமாகச் சுருண்டு நிற்கிற அந்த ஒயில் இப்போது வருகிற எதிலும் கிடையாது. நாணேற்றவே உன் அக்கா ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. இழுத்தேன். பாதி தூரம் வரவில்லை. மார்புக்கு முன்னால் நாண் நின்று நடுங்குகிறது. உன் அக்கா பார்க்காத மாதிரி துணி காயப்போடப் போய்விட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கடையில லேசான வில் இருக்காமே, அதுல ஒண்ணு வாங்கிக்குங்களேன்" என்கிறாள். இருபது, இருபத்தைந்து பவுண்டு வில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழகுவது. ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். நாற்பதுக்குக் கீழே என் கை தொடாது. எய்ய முடியாத வில்லைச் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன மியூசியமா? உனக்கு வேண்டியதை முதலில் வந்து எடுத்துக்கொள். மீதி யாருக்கோ போகட்டும்.

பல்லுக்குத் தெருக்கோடி டாக்டரிடம் போகிறேன். சுத்தியல் பிடிக்க வேண்டிய மனுஷன், தப்பி அங்கே வந்துவிட்டார். பழைய பல் டாக்டரிடம் போகலாமே என்று நீயும் ஆரம்பிக்காதே. முப்பது பவுண்டு வில்லில் மூன்றைச் சுரண்டி ஐந்தாக்கி, ஐம்பது என்று நம் வில் சேகரிப்போர் சங்கத்துக்கே கொண்டுவந்து காட்டியவர் அவர். இருபது வருஷ சிநேகிதம் என்று பார்க்காமல் கூட்டத்திலேயே எழுந்து சொன்னேன். ஆறு வருஷமாகப் பேச்சில்லை. செய்தவன் கையால் எழுதிய எண் ஒரு வில்லுக்குப் பிறப்புச் சான்றிதழ். அதைச் சுரண்டிய கையை என் வாய்க்குள் விடமாட்டேன்.

பதில் போடு.

உன் அத்தான்


ஜனவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு ஒரு காரின் கதவுக்கு இரண்டு முறை ஒரே பெயின்டை அடித்தேன். வண்டிக்காரர் சந்தோஷப்பட்டார்.

பதினான்கு வில்லையும் கொடுத்துவிட்டு அந்த அறையில் என்ன செய்வீர்கள்? அக்காவின் தையல் மெஷினோடு பேசுவீர்களா? நீங்கள் சாயங்காலமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாக அவள் போனில் சொன்னாள். எங்கள் வீட்டில் அவள் அழுது நான் கேட்டதே இல்லை, அன்று கேட்டேன். இதை நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள், என்னைத் தொலைத்துவிடுவாள்.

இத்துடன் தனிப் பார்சலில் ஒரு வில் அனுப்பியிருக்கிறேன். கார் பெயின்டுக்குக் கொடுத்த ஒருவர், தன் பெரியப்பா வீட்டைக் காலி செய்யும்போது பரணில் கிடைத்தது என்று சும்மா கொடுத்தார். ஒரே துண்டாகச் செய்த பழைய வில், கருங்காலி நிறப் பிடி, இரண்டு பக்கமும் பளபளவென்று கறுப்பு. பிடிக்குக் கீழே வெள்ளை மையில் எழுதியிருக்கிறது, பாருங்கள்: அறுபத்திரண்டு அங்குலம், நாற்பது பவுண்டு. உங்கள் கணக்குக்குச் சரியாக நாற்பது! பரணில் தூங்கிய வில் ஆனதால் இழுவை கொஞ்சம் மெத்தென்று இருக்கலாம். பழைய வில்லுக்கு அது இயல்புதானே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கொடுப்பதை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். எனக்காக இல்லாவிட்டாலும் உங்கள் மனைவியின் தம்பிக்காக.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 3

அன்புள்ள மச்சானுக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. நீ சுற்றியிருந்த துணியையும் காகிதத்தையும் பிரிக்கவே எனக்கும் உன் அக்காவுக்கும் ஒரு மணி நேரம் ஆயிற்று. கல்யாணப் பெண்ணைக்கூட இவ்வளவு சுற்றி அனுப்பமாட்டார்கள்.

வில் அழகு. பொய் சொல்ல மனம் வரவில்லை, என் பதினான்கில் நான்கைந்து இதன் பக்கத்தில் நிற்காது. வளைகிற கைகள் இரண்டிலும் முறுக்கு இல்லை, மர அடுக்குகளின் ஒட்டு விடவில்லை, நாண் முனையில் சரியாக நடுவில் உட்காருகிறது. சனிக்கிழமை பயிற்சித் திடலுக்கு எடுத்துப்போனேன். ஆறு அம்பு. ஆறையும் நாண் தாடையில் தொடுகிறவரை இழுத்தேன், மச்சான்! தாடை வரை! தோள் முனகியது, ஆனால் கேட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு நாண் என் காதோரம் 'தொப்' என்றது. உன் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிற பாவனையில் ஒரே வரிசையைப் பின்னிப் பின்னிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு சங்கதி. ஆறு அம்பும் இடது பக்கமாகப் போய்க் குத்தின. கொஞ்சம் தாழ்வாகவும். மகாராணிக்குப் போட்ட அதே அம்புகள்தான். நாற்பதுக்கும் அவை பொருந்தத்தானே வேண்டும்? ஏன் இடது பக்கம் போகிறது, உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

இழுவையை நிறுத்துப் பார்க்கலாம் என்று கொக்கித் தராசைத் தேடினேன். காணோம். அலமாரியின் இரண்டாவது தட்டில் பன்னிரண்டு வருஷமாக இருந்தது. உன் அக்காவைக் கேட்டால், "வீட்டுல இருக்கிற இரும்புக்கெல்லாம் நானா காவல்?" என்கிறாள்.

கொடுப்பதைத் தள்ளிப்போட்டாயிற்று.

உன் அத்தான்


பிப்ரவரி 11

அன்புள்ள அத்தானுக்கு,

தோள் கேட்டது என்று படித்ததும் வேலை செய்யும் பையன்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார்கள். எங்க அத்தானுக்கு அம்பு போகுது என்றேன். ஒருவனுக்கும் புரியவில்லை.

இடது பக்கம் போவதைப் பற்றி: விரல் விடுகிற பழக்கம் விட்டுப்போயிருக்கும். காற்றாகவும் இருக்கலாம். வில் புதிது, கை பழகவில்லை. கண்ணாடி மாற்றி எத்தனை வருஷமாகிறது? அதையும் பாருங்கள். போகப் போகச் சரியாகிவிடும், அதைப் போட்டு நோண்டாதீர்கள். தராசு எங்கே போய்விடும், கிடைக்கும்போது கிடைக்கட்டும்.

வேலை அதிகம். சுருக்கமாக முடிக்கிறேன்.

உங்கள் மச்சான்


மார்ச் 2

அன்புள்ள மச்சானுக்கு,

காற்று, கண்ணாடி, விரல் என்று நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பஞ்சாங்கத்தையும் சேர்த்திருக்கலாம். எப்படியோ, அம்பு இப்போது நேராகப் போகிறது. வாரத்தில் மூன்று நாள் போகிறேன். போன சனிக்கிழமை இருபது மீட்டரில் ஆறில் நான்கு நடு மஞ்சள் வட்டத்துக்குள். ஆபீஸில்கூட என் முகம் மாறியிருக்கிறதாம். புகார் சொல்ல வந்தவர் ஒருவர், நான் சிரித்ததைப் பார்த்துப் பயந்துபோய்ப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இப்போது முக்கியமான செய்தி. இந்த மாதம் 28-ஆம் தேதி நம் சங்கத்தின் காட்சி. ஒவ்வொரு வில்லின் பக்கத்திலும் நீளம், இழுவை எடை எழுதி ஒரு அட்டை வைப்போம். எல்லா அட்டைக்கும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான். இந்த வருஷம் என் சார்பில் நீ அனுப்பிய வில்லையே வைக்கப் போகிறேன். அறுபத்திரண்டு அங்குலம், நாற்பது பவுண்டு, கீழே என் கையெழுத்து. உனக்கும் பெருமைதானே?

பல் வலி உயிரை எடுக்கிறது. சுத்தியல் டாக்டர் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார் என்று சந்தேகப்படுகிறேன்.

உன் அத்தான்


மார்ச் 9

அத்தான்,

அந்த அட்டையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அந்த வில் நாற்பது இல்லை. இருபத்தாறு. எண்ணை மாற்றியது நான்தான். உங்களுக்கு நாற்பதுக்குக் கீழே ஆகாது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வில் அப்போது என் பட்டறையில்தான் இருந்தது. அன்று மத்தியானமே கறுப்பு பெயின்ட் கலந்தேன். தராசை மறைக்கச் சொன்னதும் நான்தான். அக்காவைத் திட்டாதீர்கள், அவள் முதலில் மாட்டேன் என்றாள்.

அம்பு இடது பக்கம் போகிறது என்று நீங்கள் எழுதியபோதே எனக்குக் காரணம் தெரியும். நாற்பத்தைந்துக்கு வாங்கிய விறைப்பான அம்பு இருபத்தாறில் வளைந்து கொடுக்காது, இடது பக்கம்தான் ஓடும். எண்ணை மாற்றத் தெரிந்தவனுக்கு அம்பை மாற்றி அனுப்பத் தெரியவில்லை. லேசான அம்பு வாங்குங்கள் என்று எழுதினால் குட்டு உடைந்துவிடும். அதனால்தான் காற்று என்றேன்.

என்னோடு நீங்கள் கூத்தடிக்கலாம், நான் உங்களோடு கூத்தடிக்கலாம். ஆனால் என் பொய்க்குக் கீழே உங்கள் கையெழுத்து விழக் கூடாது. பல் டாக்டரைப் பற்றி நீங்கள் கூட்டத்தில் எழுந்து சொன்ன அன்று நான் உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அதே தப்பை நானும் செய்தேன். என்னோடும் பேசாமல் இருந்தால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் வில்லை மட்டும் விட்டுவிடாதீர்கள் அத்தான். நாற்பது என்ன, இருபத்தாறு என்ன, நீங்கள் எய்ய வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

மச்சான்


மார்ச் 21

அத்தான்,

பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. அக்காவைப் போனில் கேட்டால், "அவரு எழுதுவாரு, எழுதாம போவாரு, என்னை நடுவுல இழுக்காதே" என்கிறாள். திட்டியாவது நான்கு வரி எழுதுங்கள்.


மார்ச் 30

அன்புள்ள மச்சானுக்கு,

காட்சி முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். பன்னிரண்டு நாள் பதில் வராததற்கே இப்படித் துடித்தால், நான் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு என்ன சொல்வாய்?

முதல் அம்பிலேயே தெரியும்டா. பாம்பின் கால் பாம்பறியும். இடது பக்கம், அதுவும் தாழ்வாகப் போய்க் குத்துகிறது. என்னைக் குருடன் என்று நினைத்தாயா? வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் எண்ணின் மேல் நகத்தை ஓட்டினேன். உன் நாற்பதுக்கு அடியில் இருபத்தாறின் விளிம்பு தட்டுப்பட்டது. தராசு மூன்றாம் நாளே தையல் மெஷின் டிராயரில் கிடைத்தது. நிறுத்தும் பார்த்தேன். மறுபடி அங்கேயே வைத்துவிட்டேன், உன் அக்கா மறைத்த திருப்தி அவளுக்கு இருக்கட்டும் என்று. பிறகு ஒருவருக்கும் தெரியாமல் ஆறு லேசான அம்பு வாங்கினேன். அம்பு நேராகப் போனது அதனால்தான்.

அப்படியானால் ஏன் சொல்லவில்லை? சொன்னால் நான் கோபப்பட வேண்டும். கோபப்பட்டால் வில்லைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்ப மனம் வரவில்லை. அந்த எண் அங்கே இருக்கும்வரை நான் நாற்பது இழுக்கிறவன். பொய் என்று தெரிந்தே அதைப் பிடித்துக்கொண்டேன். அட்டையில் கையெழுத்துப் போடுவேன் என்று எழுதியது உன்னைச் சீண்டத்தான். ஆனால் மச்சான், எழுதி முடித்தபோது பாதி நிஜமாகவே போட்டுவிடலாமா என்றிருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

உன் கடிதம் வந்த மறுநாள் பழைய பல் டாக்டரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள். அதற்குள் அவரே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். நாற்காலியைக் காட்டினார், வாயைத் திறந்தேன், இரண்டு கையையும் கருவியையும் உள்ளே விட்ட பிறகுதான் பேச ஆரம்பித்தார். கெட்டிக்காரர், நான் பதில் பேச முடியாதே! "முழங்கை போயிடுச்சு. முப்பதுதான் வந்துச்சு. நீங்கல்லாம் ஐம்பது இழுக்கிற இடத்துல அதை எடுத்துட்டு வர வெக்கமா இருந்துச்சு. விக்கறதுக்காகச் செய்யலை" என்றார். ஆறு வருஷம் முன்பு நான் அதைக் கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை, எழுந்து நின்று முழங்கினேன். இப்போது வாயில் பஞ்சோடு தலையை மட்டும் ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குப் பல்தான் காரணம் என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

காட்சி அன்று காலை அவர் வீட்டுக்கு வந்தார். உன் எண்ணைத் துடைக்க வேண்டும், பஞ்சை அவரிடமே நீட்டினேன். அவர்தான் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, ஈறைத் துடைக்கிற மாதிரி மெல்லத் துடைத்தார். உன் கறுப்பு போனது, அதற்கு அடியில் நீ பூசியிருந்த மெழுகும் போனது. இருபத்தாறு ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தது. மெழுகு பூசித்தான் மேலே பெயின்ட் அடித்திருக்கிறாய், திருட்டுப் பயலே. "இவன் சுரண்டவே இல்லை" என்றார் அவர். அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அட்டையை நானே எழுதினேன்: 'அறுபத்திரண்டு அங்குலம். இருபத்தாறு பவுண்டு. உடையவர் இப்போது எய்வது இதைத்தான்.' கீழே கையெழுத்து. சங்கத்து ஆட்கள் வந்தார்கள், படித்தார்கள். ஒருவர் மட்டும், "இருபத்தாறா?" என்றார். "ஆமா, இருபத்தாறு" என்றேன். அந்த ஒரு எண்ணைச் சொல்ல எனக்குப் பத்து மாதம் பிடித்திருக்கிறது. அவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். இதற்கா இவ்வளவு பயந்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

வில்கள் எதையும் கொடுக்கவில்லை, மகாராணியைத் தவிர. அவளை நீ வந்து எடுத்துக்கொள். சுவரில் மாட்ட இல்லை, எய்வதற்கு. நாற்பத்தைந்து இழுக்கிற தோள் நம் குடும்பத்தில் உன்னிடம்தான் இருக்கிறது. ஞாயிறன்று வா, சேர்ந்து திடலுக்குப் போகலாம். உன் அக்கா ஸ்வெட்டரை இன்னும் அதே வரிசையில்தான் வைத்திருக்கிறாள்.

வரும்போது பெயின்ட் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

உன் அத்தான்