தேய்த்து வெளுத்த வாசற்படி

என்னவனே,

மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். இருமல் குறைந்துவிட்டது, கவலைப்படாதே. கவென்ட்ரி ஊரும் வேலையும் பிடித்துப்போய்விட்டதா? உன் கடிதத்தையே காணோம்.

நம் சால்ஃபோர்டு தெருவில் சினிமா எடுத்தார்கள்! ஆலைத் தொழிலாளிகளின் கதையாம். கரி படிந்த தெரு என்றுதான் தேடிப் பிடித்தார்களாம். அது தெரியாமல் முந்தின நாளே பெண்கள் எல்லோரும் வாசற்படியைக் கல்லால் தேய்த்து வெளுக்க வைத்துவிட்டோம். டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"காலேஜ் படிச்சவங்க, நீங்களாவது தடுத்திருக்கலாமே?" என்றார் என்னிடம்.

பக்கத்து வீட்டு ஹில்டா அக்கா விடுவாளா? "ஊரே பாக்கப்போற படம். என் வாசலைப் பாத்து எவளாச்சும் மூக்கைச் சுளிக்கவா? போய்யா!"

கடைசியில் கரித்தண்ணீர் ஊற்றித்தான் எடுத்தார்கள். எனக்கும் ஒரு காட்சி கொடுத்தார்கள்: புருஷன் வருகிறானா என்று நான் குழந்தையோடு படியில் நின்று தெருமுனையைப் பார்க்க வேண்டும். ஒரே தடவையில் முடிந்தது. "நல்லா நடிக்கிறியேடி!" என்றாள் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்தவள், குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

படியை மறுபடியும் தேய்த்து வைத்திருக்கிறேன். சேற்று பூட்ஸோடு படியை மிதித்தாய் என்று, நீ கிளம்பிப் போன அன்று கத்தியதுபோல் இனிக் கத்த மாட்டேன். கழற்றாமலே மிதித்து ஏறி வா.

உன் வீட்டுக்காரி