பூஜைத் தட்டில் வைத்த நட்டு

மாதேஸ்வரன் துணை.

அண்ணன் சித்தையனுக்கும் அண்ணிக்கும் மைசூரிலிருந்து தங்கை கமலம்மாளின் நமஸ்காரம். சமையல் வேலையும் என் உடம்பும் சரியாகவே இருக்கின்றன. அண்ணனுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா?

நேற்று ஆயுத பூஜையில் ஒரு சிறு சங்கதி. டிரைவர் லிங்கப்பன் ஹாரன் கம்பி மாற்ற எஜமானரின் மோட்டார் காரில் ஸ்டியரிங்கைக் கழற்றினான். மறுபடி கோணாமல் மாட்ட, ஸ்டியரிங் சக்கரத்துக்கும் அது உட்காரும் தண்டுக்கும் சேர்த்து என் குங்குமத்தால் கோடு போட்டுக்கொண்டான். அதை இறுக்கும் நட்டு தரையில் கிடந்தது. நான் பூஜைத் தட்டில் வைத்துப் பூப்போட்டேன், பிறகு மறந்தேன்.

சாமுண்டி மலைக்குப் புறப்பட எஜமானர் வந்துவிட்டார்.

“நட்டு இல்லீங்க. இப்படியே போனா எறக்கத்துல ஸ்டியரிங் கையோட வந்துரும்” என்றான் லிங்கப்பன்.

“நட்டைத் தொலைச்சவனுக்கு இங்க வேலை எதுக்கு?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “அவன் தொலைக்கலீங்க, நான்தான் சாமிக்கு வெச்சனுங்க” என்று சொல்லி, பூஜை முடிந்து கொட்டிய பூக்குப்பையைக் கிளறி நட்டை எடுத்தேன். லிங்கப்பன் இறுக்கிவிட்டு, ஆட்டிப் பார்த்துச் சிரித்தான்: “அடுத்த வருசம் என்னையும் தட்டுல வெச்சிருங்கக்கா, வேலை போகாது.”

நம் மார்டள்ளியிலிருந்து யாராவது இங்கே வந்தால் மாதேஸ்வரன் மலை விபூதி கொடுத்தனுப்புங்கள். கொடுக்க ஒன்றுமில்லாவிட்டாலும் ஆளை அனுப்புங்கள். உலை கொதிக்கிறது, எழுந்திருக்கிறேன்.

கமலம்மாள்