கொடுத்தனுப்பிய கால்

கார்த்திகை 12, வியாழன்

காயம்பட்ட படைவீரர்களுக்காக அருங்காட்சியகம் கட்டுகிறவர்கள் இன்று ஆமத்தூருக்கே வந்துவிட்டார்கள். எல்லையில் கண்ணிவெடியில் கால் போனபின் நான் முதன்முதலில் மாட்டிய செயற்கைக் காலைக் கேட்டார்கள். கொடுத்தேன். என் பெயர் எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம்.

பக்கத்து வீட்டு மாரியம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். பட்டாசுக் கம்பெனி விபத்தில் புருஷனையும் தன் வலது கையையும் இழந்தவள்.

"எங்களுக்கும் இப்பிடி எங்கனயாச்சும் வச்சிருக்காகளாண்ணே?"

"தெரியலம்மா" என்றேன். இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். தினமும் சாயங்காலம் வந்து சிறிது நேரம் பேசிக்கொண்டிருப்பாள், இன்று வரவில்லை. இந்தத் தெருவில் என்னைத் தேடி வருகிற ஒரே ஆள் அவள்தான். பேச்சுத்துணை இல்லாமல் சாப்பிட்டு முடித்தேன்.

விடிந்ததும் நானே போய் உண்மையைச் சொல்லவேண்டும். அவள் கதவைத் திறந்தால் போதும்.